பந்தயக் காரை ஓட்டுபவரோடு குடும்பமும் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணிவிழாக் காணும் தகப்பனாருக்குப் பிள்ளைகள் மோதிரமும் பட்டுவேட்டியும் எடுத்துக் கொடுத்தது போக, பந்தயத் தடத்தில் சூப்பர் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பை விலை கொடுத்துப் பதிவுசெய்து தரும் வழக்கம் எங்கள் செட்டிநாட்டு வீடுகளிலும் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கிறது. அப்படியொரு பரிசைப் பெற்றவன் நான். பரிசைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை விற்கும் நிறுவனத்தார் ஓட்டப்போகிறவரிடம் மட்டுமே பேசுகிறார்கள். அவரோடு பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யப்போகிற குடும்பத்துக்குத் தெரிய வேண்டியவற்றை முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதே என் குறை. இதே ஏற்பாட்டை யோசித்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு உதவக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வெகுகாலமாகப் பந்தயங்கள் நடந்துவரும் தடங்கள் இரண்டு. சென்னையை அடுத்து 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கிலோமீட்டர் நீளமுடையது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் அமைந்த கரி மோட்டார் ஸ்பீடுவே 2.1 கிலோமீட்டர், பந்தய வீரராகவும் கார் வடிவமைப்பாளராகவும் விளங்கி 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதன் நினைவாக அதற்குப் பெயரிட்டார்கள். என் மூத்த மகன் நீளமான தடத்தையே விரும்பினான். ஆனால் எங்கள் ஊரான பள்ளத்தூரிலிருந்து சென்னைப் பக்கம் போவதென்றால் ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் ஆகும். கோவை முந்நூறுக்குள் அடங்கும். எண்பத்திரண்டு வயதில் மூட்டுவலியோடு இருக்கும் எங்கள் ஆத்தாவையும், ஐந்து வயதுப் பேரனையும் வைத்துக்கொண்டு திட்டமிடுகிறபோது தடத்தின் நீளத்தைவிடச் சாலையின் நீளம்தான் முதலில் கண்ணில் பட வேண்டும்.

கோவையைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி சென்று, அங்கிருந்து உடுமலை, பொள்ளாச்சி என்று போகும் அந்த வழியில் பழனி வரையிலான பகுதி எங்கள் கால்களுக்குத் தெரிந்த பாதை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்து சென்று, நடந்தே திரும்பும் நகரத்தார் யாத்திரையில் நானும் பல ஆண்டுகள் போயிருக்கிறேன். எந்த ஊர்ச் சத்திரத்தில் தண்ணீர் நன்றாக இருக்கும், எந்த மேட்டில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். கொப்புளம் வெடித்த காலோடு நாள்கணக்கில் நடந்த அதே சாலையில், மூன்று விநாடிச் சொச்சத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் காரை ஓட்டுவதற்காகப் போகிறோமே என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆத்தா மட்டும் சிரிக்கவில்லை. போகிற வழியில் முருகனைப் பார்க்காமல் போவதானால் தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நாள் குறிப்பதில்தான் முதல் சிக்கல் வந்தது. என் நட்சத்திரப் பிறந்தநாள் தை மாதத்தில், பூசத்தை ஒட்டி வருகிறது. நிறுவனத்தார் கொடுத்த முதல் தேதி பூசத்துக்கு நான்கு நாள் முன்னதாக இருந்தது. அந்த நாட்களில் நத்தம், திண்டுக்கல் சாலைகளின் ஓரமெல்லாம் இரவும் பகலும் பக்தர்கள் நடந்துகொண்டிருப்பார்கள்; விடியற்காலை இருட்டில் அவர்களுக்கு நடுவே கார் ஓட்டுவதைப் போலப் பதைப்பான காரியம் வேறில்லை. மணிவிழாச் சாந்தியைக் குறித்த நாளில் வீட்டில் நடத்திவிட்டு, பயணத்தை மாசி மாதத்துக்குத் தள்ளினோம். தேதியை மாற்றிக்கொள்ள ஒரு முறை மட்டுமே அனுமதி உண்டு என்பது மாற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் நாள் விடியற்காலையில் புறப்பட்டோம். சீப்புச்சீடையும் மாவுருண்டையும் தூக்குவாளியில் ஏறின. கட்டுச்சோறு தனியாக வந்தது. பிள்ளையார்பட்டி தாண்டிச் சிறாவயல் வந்ததும், மஞ்சுவிரட்டு நடக்கும் ஊர் இதுதான் என்று பேரனுக்குக் காட்டினேன். லம்போர்கினி காரின் சின்னமும் காளைதான், நான் ஓட்டப்போகும் ஊரக்கான் என்பதே 1879-இல் ஸ்பெயின் நாட்டில் களமிறங்கிய ஒரு காளையின் பெயர்தான் என்று அவன் தகப்பன் சொல்ல, அதை யாராவது அணைந்தார்களா என்று கேட்டான். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

பழனியில் முதியவர்கள் மலையேற ரோப் காரும், வின்ச் எனப்படும் இழுவை ரயிலும் இருக்கின்றன. பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்திவைக்கும் நாட்கள் உண்டு என்பதால், முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. குடும்பத்தார் ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே வந்து நிற்பது என்பதை அடிவாரத்திலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பழனியிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலைக்கும் ஒரு சிறப்பு உண்டு. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒற்றைப் பேருந்தோடு தொழிலைத் தொடங்கியது இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையேதான். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஜீடி கார் அருங்காட்சியகத்தை, காரை ஓட்டாதவர்களுக்கென்று மூன்றாம் நாள் திட்டத்தில் வைத்திருந்தோம். உண்மையைச் சொல்வதானால், இந்தப் பயணத்தில் பேரன் மிகவும் மகிழ்ந்தது அங்கேதான்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு என் முறை என்று சொல்லியிருந்தார்கள். முந்தின இரவே கோவையில் தங்கிவிட்டதால் அவசரமில்லை. இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். கடுமையாகப் பிரேக் பிடித்து வளைவுகளில் திரும்பும் வண்டியில் நிறைந்த வயிற்றோடு உட்காரக் கூடாது. ஆனால் ஒன்பது மணி பதினொன்றாகி, பிறகு ஒன்றரையாயிற்று. தாமதத்துக்குக் காரணம் சொல்ல ஆளில்லை. ஓட்டுபவரோடு இருவரை மட்டுமே உள்ளே விடுவோம் என்பதையும் வாசலில் வைத்துத்தான் சொன்னார்கள். குடும்பமாக வந்தவர்களில் யாரை விட்டுவிட்டுப் போவது? ஆத்தாவும் என் மனைவியும் காரிலேயே இருந்துகொள்கிறோம் என்றார்கள். எதற்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அந்தக் காட்சியை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.

தலைக்கவசத்தைக் கையில் கொடுத்த பிறகே கையெழுத்திட வேண்டிய தாள்களை நீட்டினார்கள். எல்லாம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் பத்திரங்களைப் படித்தே பிழைத்தவன் என்பதால் நின்றபடியே படித்தேன். காருக்குச் சேதம் நேர்ந்தால் முதல் சில லட்சம் ரூபாய்க்கு ஓட்டுபவரே பொறுப்பு என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. என் பின்னால் நின்ற இளைஞர்களில் ஒருவராவது அந்தப் பக்கத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை. சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதையொட்டி ஒன்று: தனியார் காருக்கான வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் பொறுப்பேற்பதில்லை என்ற விதி இருக்கும். எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டியதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவனாவேன். 1489 சிசி எஞ்சின் கொண்ட அம்பாசிடரில் ஓட்டக் கற்றவன் நான். ஊரக்கான் எல்பி 610-4 என்ற பெயரிலேயே அதன் 610 குதிரைத்திறன் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் 5.2 லிட்டர், பத்து சிலிண்டர் எஞ்சின். பக்கத்தில் அமர்ந்த பயிற்றுநர், முடுக்குவதைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கே பிரேக் மிதிக்க வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேகம் இரு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். அன்றைக்கு அதை உள்ளங்காலில் உணர்ந்தேன். அந்தக் கார் 325 கிலோமீட்டர் வேகம் வரை போகக்கூடியது. சிறிய தடத்தில் அதில் பாதியைக்கூட நான் தொடவில்லை, தொட விரும்பவும் இல்லை. மூன்று சுற்று, 6.3 கிலோமீட்டர், ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. இறங்கியபோது கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு சுற்று கிடைக்காதா என்றும் இருந்தது.

அன்றே ஊர் திரும்புவதென்றுதான் பிள்ளைகள் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. வேகமான ஓட்டத்துக்குப் பழகிய கண்ணுக்கு, சாதாரணச் சாலையில் போகும் வேகம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே தோன்றும். தடத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும்போதே இளையவன் லாரிகளை முந்திய விதத்தில் அது தெரிந்தது. மறுநாள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளூரில் ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பின்னால் சாய்ந்து உறங்கியபடி வந்து சேர்ந்தோம். அவருக்குக் கொடுத்த சம்பளம், மொத்தச் செலவில் மிகச் சிறியது. மிகவும் பயனுள்ளதும் அதுவே.

ஆகவே, இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துவோர் பணம் பெறுவதற்கு முன்பே, உடன் வருவோரில் எத்தனை பேருக்கு அனுமதி, சேதத்துக்கு ஓட்டுபவர் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, தேதி மாற்றத்துக்கும் தாமதத்துக்கும் என்ன விதி என்பவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். இந்நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது காரின் குதிரைத்திறனோடு இந்த விவரங்களையும் கேட்டு வெளியிடுமாறு தங்கள் நிருபர்களையும் வேண்டுகிறேன். என் சகலருக்கு வரும் ஆவணியில் மணிவிழா. அவருடைய பிள்ளைகள் இதே பரிசைப் பதிவுசெய்ய என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து புறப்படப்போகிறவர்கள் ஒன்பது பேர்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.