கப்பலுக்குக் காசு கொடுத்தவர்கள்: வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் பேரரசைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்கும் பாடங்களில் நிலவரி வருகிறது, உப்புவரி வருகிறது, ரயில் பாதை வருகிறது. இவை அனைத்தையும் கட்டிக்காத்த கடற்படைக்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பது நான் பார்த்தவரையில் எந்தப் பாடத்திலும் இல்லை. தனி அத்தியாயம் கேட்கவில்லை. இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். அவற்றில் என்ன வைக்கலாம் என்று சொல்லவே இந்த மடல்.

1887-இல் லண்டனில் கூடிய காலனி மாநாட்டிலிருந்து தொடங்குங்கள். விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டு அது. ஆஸ்திரேலியக் காலனிகளோடும் நியூசிலாந்தோடும் பிரிட்டன் கடற்படைச் செலவு குறித்துப் பேரம் பேசியது. ஐந்து குரூசர்களும் (வேகமான போர்க்கப்பல்கள்) இரண்டு டார்பிடோ பீரங்கிப் படகுகளும் கொண்ட துணைப் படையணியை பிரிட்டன் கட்டித்தரும். கட்டுமானச் செலவுக்கு ஐந்து விழுக்காடு வட்டியாக ஆண்டுக்கு 35,000 பவுண்டு வரையும், பராமரிப்புக்கு 91,000 பவுண்டு வரையும் காலனிகள் கட்டும். ஆக மொத்தம் 1,26,000 பவுண்டு, கெடு பத்தாண்டு. கெடு முடிந்தாலும் கப்பல்கள் பிரிட்டனுக்கே சொந்தம்.

இதுவரை பார்த்தால் வாடகைப் பத்திரம் போலத்தான் இருக்கிறது. உயிர்நாடி வேறொரு ஷரத்தில் இருக்கிறது. சமாதானமோ போரோ, அந்தக் கப்பல்கள் ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே கொண்டுபோவதென்றால் காலனி அரசுகள் சம்மதிக்க வேண்டும். கடற்படை ஒன்றுதான், எதிரி எங்கேயோ அங்கே அது போகும் என்பது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் வேதவாக்கு. பணம் கட்டுகிறவர்கள் அந்த வேதவாக்கையே வளைத்துவிட்டார்கள். அவர்கள் மனம் குளிரக் கப்பல்களின் பெயர்கள்கூட ஆஸ்திரேலியப் பெயர்களாக மாற்றப்பட்டன: பண்டோரா ‘கட்டூம்பா’ ஆனது, பெலோரஸ் ‘மில்டூரா’ ஆனது, விட்டிங் என்ற படகு ‘பூமராங்’ ஆனது. இவ்வளவு செய்தும் ஆஸ்திரேலியக் காலனிகளில் ஒன்றான குயின்ஸ்லாந்தின் நாடாளுமன்றம் 1891 வரை பிடிகொடுக்கவில்லை.

1902 மாநாட்டில் அட்மிரால்டி அந்த ஷரத்தைத் தளர்த்திக்கொண்டது. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 2,00,000 பவுண்டும் நியூசிலாந்து 40,000 பவுண்டும் தருவதென்றும், படையணி சீன, கிழக்கிந்தியக் கடல்களிலும் இயங்கலாம் என்றும் முடிவானது. கேப் காலனி, நேட்டால், நியூஃபவுண்ட்லாந்து ஆகியவையும் தங்கள் பங்கை ஒப்புக்கொண்டன. கனடா ஒரு பென்னிகூடத் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்த ஏற்பாட்டுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பணம் நம்முடையது, கட்டளை மட்டும் லண்டனுடையதா என்ற கேள்வி வலுத்தது. சொந்தக் கடற்படை வேண்டும் என்று வில்லியம் கிரெஸ்வெல் என்ற அதிகாரி விடாப்பிடியாக எழுதியும் பேசியும் வந்தார். 1909 மாநாட்டுக்குப் பிறகு சந்தா கட்டும் வழக்கம் ஒழிந்து, ஆஸ்திரேலியா தன் பணத்தில் தன் கப்பல்களை வாங்கத் தொடங்கியது. 1913 அக்டோபர் 4 அன்று சிட்னி துறைமுகத்துக்குள் நுழைந்த அணியில் ‘சிட்னி’ என்ற குரூசரும் இருந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் இந்தியாவும் பணம் கட்டியது. 1890-களின் பிற்பகுதியிலிருந்து 1930-களின் இறுதி வரை, கிழக்கிந்தியப் படையணிக்காக ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு இந்திய வருவாயிலிருந்து போனது. பேரம் பேச இந்தியாவுக்கு யார் இருந்தார்கள்? 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி சட்டமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதன் மீது வாக்களிக்க முடியாது. கேட்டவரும் பிரிட்டிஷ் அரசு, சம்மதித்தவரும் பிரிட்டிஷ் அரசு.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கரையிலிருந்த பீரங்கிகள் சுட்டன, ஒன்றும் படவில்லை. குறுக்கே நிற்க ஒரு போர்க்கப்பல் இல்லை. எம்டன் கதையை வீட்டில் பாட்டி சொல்லியே நம்மில் பலர் அறிவோம். அதை அழித்த கப்பல் எது என்று கேட்டுப்பாருங்கள், பலர் விழிப்பார்கள். நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளருகே அதை அடித்து நொறுக்கியது அந்த ‘சிட்னி’தான். அதன் கேப்டன் கிளாசாப் பிரிட்டிஷ் கடற்படைக்காரர், போர் மூண்டதும் ஆஸ்திரேலியக் கப்பல்கள் அட்மிரால்டியின் கட்டளைக்குக் கீழ் போய்விட்டன என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்திரேலியர்கள் ஏதோ சுதந்திர வீரர்கள் என்ற தோற்றம் வந்துவிடக் கூடாது. ஆனாலும் தன் பணத்தில் தன் கப்பலை வாங்க அவர்களால் முடிந்தது. நம்மால் முடியவில்லை.

மலாயாவையும் விட்டுவிடாதீர்கள், அங்கே நம்மவர்களும் இருந்தார்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழிருந்த கூட்டாட்சி மலாய் மாநிலங்கள் 1912-இல் ஒரு பெரிய போர்க்கப்பலையே பிரிட்டனுக்கு ‘அன்பளிப்பாக’ வழங்கின. செலவு 30 லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. தகரத்தின் மீதான தீர்வையும் அபின் வருமானமும் நிரப்பிய கருவூலம் அது. ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களுக்கோ, சுரங்கத்தில் வெந்த சீனர்களுக்கோ அங்கே வாக்கு ஏது? அந்தக் கப்பலுக்கு ‘மலாயா’ என்று பெயர் வைத்தார்கள். 1916-இல் ஜட்லாந்து கடற்போரில் அது அடிபட்டுப் போரிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியபோது அது அந்தக் கடலில் இல்லை. சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கும் அதே மாநிலங்கள் 20 லட்சம் பவுண்டு கொடுத்திருந்தன. 1938-இல் திறக்கப்பட்ட தளம் நான்கே ஆண்டில் கைமாறியது.

இதை வெறும் கொள்ளைக் கதையாகவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடற்படைச் செலவில் பெரும்பகுதியைச் சுமந்தது பிரிட்டனில் வரி கட்டிய மக்கள்தான். காலனிகளின் வணிகமும் அந்தக் கப்பல்களின் நிழலில்தான் நடந்தது. பங்கு கேட்டதில் பிரிட்டன் பக்கம் ஒரு நியாயம் உண்டு. யாரிடம் கேட்டது, யாரிடம் கேட்காமலே எடுத்தது என்பதுதான் பாடம்.

இன்னும் ஒன்று. இதைக் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பகுதிக்குள் தள்ளிவிடாதீர்கள். 1887 ஒப்பந்தத்தின் ஷரத்துகளை எளிய தமிழில் ஒரு கட்டத்துக்குள் கொடுங்கள். பக்கத்திலேயே இந்தியா கட்டிய தொகையை எழுதுங்கள். கீழே ஒரே ஒரு கேள்வி: இந்தியாவுக்கும் ஒரு ஷரத்தைக் கேட்க வாய்ப்பிருந்தால் எதைக் கேட்டிருக்கும், அதை யார் போய்க் கேட்டிருப்பார்கள்? விடைக் குறிப்பு அச்சிடாதீர்கள்.

அன்புடன்,
பள்ளிப் பிள்ளைகளின் தந்தை ஒருவர்