நாலரை மணி ஆராதனை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நேற்று, நவம்பர் 30, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. ஊதா மெழுகுவத்தியை ஏற்றி ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் விடியற்காலை நாலரை மணி ஆராதனை. முன்மொழிந்தவன் நான். 2022-இல் அதை எட்டரைக்கு மாற்றக் கை தூக்கியவனும் நான்தான்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒரே நாளில் இரண்டு ஆராதனை வேண்டாம், இந்த ஒரு வருடம் மட்டும் என்றார்கள். அடுத்தது திங்கள், அதற்கடுத்தது புதன். பழைய நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அன்று யார் என்ன பேசினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சபையார் பலர் இதைப் படிப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள்.

ஆனால் என் பக்கத்தையும் சொல்லவேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அம்மா கோயில் படியில் உறைபனி வழுக்கி விழுந்தார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து இருட்டில் நடந்து வருகிறவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கிறதா, கரடி நிற்கிறதா என்றே தெரியாது. இதையெல்லாம் நினைத்துத்தான் கை தூக்கினேன். உங்களை நினைக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், காரணத்துக்கு அல்ல.

எனக்குப் பதினொரு வயதில் பார்த்த அந்த விடியல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஈரத்தில் ஊறிய ஹார்மோனியம். ஒரு கட்டை அமுக்கினால் மேலே வராது. நீங்கள் மூன்று மணிக்கே வந்து இரும்புச் சட்டியில் கரி மூட்டி, பக்கத்தில் அதை வைத்து, உங்கள் கம்பளியைப் போர்த்திவிட்டீர்கள். வெறும் சட்டையோடு குனிந்து, கத்திமுனையால் அந்தக் கட்டையின் ஓரத்தைச் சுரண்டினீர்கள். மரத்தூள் பொடிப்பொடியாக நெருப்பில் விழுந்து மணத்தது. பிறகு ஒருமுறை அமுக்கினீர்கள். எழும்பியது. என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

நானும் அங்கே பல் கிட்டி நடுங்கிக்கொண்டுதான் நின்றேன். கம்பளி ஹார்மோனியத்துக்குத்தான் போனது.

ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று சுற்றுலா வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நம் தகரக் கூரைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? நீங்கள் இருந்தீர்கள். ஒரு தீர்மானம் பிடிக்கவில்லை என்று பாடகர் குழுவை நடுவில் விட்டுவிட்டுப் போனீர்கள். அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு என்ன செய்தார்கள்? மூன்று டிசம்பராகக் கீபோர்டில் பதிந்த தாளத்துக்குப் பாடுகிறார்கள். கீர்த்தனை ஓடுகிறது, மூச்சு விட இடமில்லை.

விழுந்த அதே அம்மாதான், "மூன்று வருடமாக எனக்குக் கிறிஸ்துமஸ் விடியவே இல்லை" என்று தினமும் சொல்கிறார்.

படிகளில் சாம்பல் தூவ ஆள் சொல்லிவிட்டோம். லைன்களுக்கு இரண்டு ஜீப். டிசம்பர் 21 கீத ஆராதனைக்கு ஒன்பது வேதபாடங்களையும் வாசிக்க ஆள் கிடைத்தாயிற்று. 25-ஆம் தேதி ஒழுங்குத் தாளில் மட்டும் ஹார்மோனியம் என்ற வார்த்தைக்கு எதிரே காலி. இந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கட்டை மறுபடியும் சிக்குகிறது. சுரண்ட எனக்குப் பயமாக இருக்கிறது. ராகக் குறிப்பு நோட்டு இருக்கும் பீரோவின் சாவி இன்னும் உங்களிடம்தான். நீங்கள் வராவிட்டால் அதையாவது யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

கரியை மூன்று மணிக்கே மூட்டிவிடுவேன்.

உங்கள் தம்பி