திண்ணையை இடித்தது நான்தான்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

வீட்டைப் பற்றி நீ எழுதிய கவிதை ஊரெல்லாம் சுற்றி நேற்று என் கைக்கு வந்தது. பெங்களூரில் நீங்கள் நாலைந்து பிள்ளைகள் அவரவர் ஊரைப் பற்றி எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்கிறீர்களாமே, உன் அத்தைதான் சொன்னாள். எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் வீட்டில் இப்போது திண்ணை எங்கே இருக்கிறது தாயி? நாம் திரித்து வைத்த கயிற்றுக் கட்டுகள் மழையில் நனைந்து கறுத்துப்போன வருஷம் அதை இடித்துத் தகரக் கொட்டகை போட்டேன். நீ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அப்பத்தா நாலு நாள் என்னோடு பேசவில்லை. கவிதையில் கொட்டகையும் இல்லை, அழுகையும் இல்லை. காயப்போட்ட துணியிலெல்லாம் படியுமே நார்த்தூசி, அதுவும் இல்லை. குயில், தேன், பலாச்சுளை இருக்கிறது. நமக்குப் பலாமரம் ஏது?

பிரான்மலையைக் காட்டி, இதுதான் பாரியின் பறம்பு என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மூவேந்தர் முற்றுகை போட்டபோது கபிலர் அந்த மலையைப் பாடினார். உழாமலே விளைவது நான்கு என்று மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் எல்லாவற்றையும் அடுக்கினார். பறம்பு நாட்டுக்கு 300 ஊர் என்று கணக்கும் சொன்னார். அப்புறம் பாரி போனான், மலையும் போனது. அவன் பெண்கள் பாடியது ஐந்தே வரி, புறநானூற்றில் 112ஆம் பாட்டு. கல்யாணமாகாத பிள்ளைகள். தேனையும் பலாவையும் அவர்கள் தொடவே இல்லை. அந்த மாதத்து நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இந்த மாதத்து நிலவில் குன்றையும் கொண்டுபோய்விட்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். நூலகத்தில் நின்றபடி வாசித்தேன், புத்தகத்தை உடனே திருப்பி வைக்க முடியவில்லை.

நீ கபிலர் மாதிரி எழுதுகிறாய். அவர் விருந்தாளி, அவருக்குச் சரி. நீ கொட்டகையை எழுது. அப்பா இடித்தார் என்றே எழுது, நான் கோபிக்க மாட்டேன். எழுதினால் நேரே எனக்கு அனுப்பு, அத்தை வழியாக வேண்டாம்.

எதிர்வீட்டில் மாடி எழுப்புகிறார்கள். நம் மொட்டைமாடியிலிருந்து மலை இப்போதே பாதிதான் தெரிகிறது. அடுத்த பௌர்ணமிக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல். அம்மா முறுக்கு சுட வேண்டுமாம்.

அப்பா