சோற்றை உள்ளே விடுங்கள்: அணைப் பூங்கா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அணைப் பூங்கா அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த அணை, எந்தப் பூங்கா என்று நான் எழுதப் போவதில்லை. நுழைவாயிலில் பையைத் திறக்கச் சொல்லி, சோறு கட்டி வந்த தூக்குப்போசியை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிற பூங்கா உங்களுடையதுதானா என்பது உங்களுக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் நடந்த சத்தமும் உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிற சோற்றை உள்ளே விடுங்கள்.

எங்கள் பக்கம் ஒரு நாள் வெளியே போவதென்றால் அதில் பாதி சந்தோஷம் சோறு கட்டுவதில்தான் இருக்கிறது. முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். விடியற்காலையில் சோற்றை ஆறவிட்டுக் கிளற வேண்டும். தயிர்சாதத்துக்குப் பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டும், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். உருளைக்கிழங்கை முறுக வதக்கி, வாழை இலையை அடுப்புத் தணலில் வாட்டி மடித்து வைத்தால் வேலை முடிந்தது. பூப்பறிக்கும் நோன்புக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் எங்கள் அம்மிச்சி காலத்திலிருந்து இப்படித்தான் கிளம்பியிருக்கிறோம். அப்போது மாட்டுவண்டி, இப்போது டவுன் பஸ். போசி மட்டும் அதேதான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் மாமியாருக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊசியைப் போட்டுக்கொண்டார்கள், உள்ளே போய் மரத்தடியில் உட்கார்ந்தால் நேரம் சரியாக இருக்கும் என்று. நுழைவுச்சீட்டும் வாங்கியாகிவிட்டது. அதன் பிறகுதான் பையைத் திறக்கச் சொன்னார்கள். வரிசையை இப்படி வைத்தது யார் யோசனை என்று தெரியவில்லை, கெட்டிக்காரர்தான். காசு வாங்கிய பிறகு சட்டம் சொல்வது!

வாசலில் நின்ற பையனைக் குறை சொல்ல மாட்டேன். "உள்ள உடக் கூடாதுங்கம்மா, மேல இருந்து உத்தரவுங்க" என்று அவனே சங்கடத்தோடுதான் சொன்னான். "ஏன் கண்ணு, சோறுதானே?" என்று அத்தை கேட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் பலகையைக் காட்டினான். வெளி உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை. பெரிய எழுத்து, புதுப் பெயிண்ட்.

அதற்குள் அத்தைக்கு நெற்றியில் வியர்க்க ஆரம்பித்துவிட்டது, கை லேசாக நடுங்கியது. வண்டி நிறுத்துமிடத்துக்குத்தான் ஓடினோம். அங்கே நிழல் கிடையாது. ஒரு வேன் டிரைவர் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். இலையை விரிக்க இடமில்லை. போசி மூடியில் புளிசாதத்தை வைத்துக்கொண்டு, இரண்டு வேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து அத்தை சாப்பிட்டார்கள். நாலு வாய் போயிருக்காது, பின்னால் விசில் சத்தம். பக்கத்து வேன் பின்னால் வர வேண்டுமாம், எழுந்திருக்கச் சொல்லி உங்கள் ஆள் விசில் ஊதுகிறார். எழுபது வயது தாண்டியவர்கள் எச்சில் கையோடு, மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். மிச்சத்தை நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்கள். சுற்றிப் பார்த்தால் நாங்கள் மட்டுமில்லை. கழிப்பறைச் சுவரை ஒட்டி ஜமக்காளம் விரித்து ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது, கைக்குழந்தையோடு.

காரணம் கேட்டால் குப்பை என்பீர்கள், குரங்கு என்பீர்கள், பாட்டில் என்பீர்கள். பாட்டிலைத் தடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். புல்லில் கிடக்கும் கண்ணாடித் துண்டை மிதித்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி. ஆனால் சாராய பாட்டிலைத் தேடுகிற கைக்கு எவர்சில்வர் போசி எதற்கு?

குப்பை விஷயத்துக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசே கூப்பிட்டது. நாங்கள் அரசு சொன்னபடி மஞ்சள் பையில், எவர்சில்வர் போசியில், வாழை இலையோடு வந்தோம். எங்களை வெளியே நிறுத்திவிட்டீர்கள். உள்ளே ஏலம் எடுத்த கடையில் பிளாஸ்டிக் பாக்கெட்டில் சிப்ஸ் தொங்குகிறது, தண்ணீரும் பாட்டிலில்தான். உங்கள் ஊர்க் குரங்குக்குப் புளிசாதம்தான் பிடிக்கும், சிப்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது போலிருக்கிறது.

கடைக்காரர்கள் பிழைக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். பிழைக்கட்டும். அணை மீனை மிளகாய்த்தூள் தடவி வறுக்கிற வாசனை வந்தால் போசியோடு வந்தவர்களும் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கத்தான் செய்வார்கள். புளிசாதத்துக்கு அதைவிடத் தொடுகறி ஏது? ஆனால் சர்க்கரைக்காரருக்கும், பல் முளைக்காத குழந்தைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் மில்லுக்கு லீவு கிடைத்து நாலு பிள்ளைகளோடு வருகிறவருக்கும் மூன்று வேளையும் வறுத்த மீனா?

இப்போதெல்லாம் எங்கே போனாலும் இதே கதைதான். நெடுஞ்சாலையில் பஸ் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்ததே விலை. சினிமாவுக்குப் போனால் முறுக்குப் பொட்டலத்தைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தியேட்டர் தனியார் சொத்து, போகிறவர் போகலாம், போகாதவர் வீட்டில் இருக்கலாம். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தீர்ப்பிலும் குடிக்கத் தண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. தியேட்டருக்கே அவ்வளவு! அணை யாருடைய சொத்து? எங்கள் வரிப்பணத்தில் கட்டி, எங்கள் வரிப்பணத்தில் பராமரிப்பது. அங்கே குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று நான் தேடிய கதையை எழுதினால் அது தனி மடலாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாய்க்காலில் தண்ணீர் திறந்தால்தான் எங்கள் வயலில் நாற்று நடவு. அந்த நெல்லை அரைத்து, அந்த அரிசியில் ஆக்கிய சோறுதான் போசியில் இருந்தது. அணைத் தண்ணீரில் விளைந்த அரிசிக்கு அணைக்குள் வர அனுமதி இல்லை! உத்தரவு போட்டவர் மத்தியானம் எங்கிருந்து சாப்பிடுகிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. அவருக்கு வீட்டிலிருந்து கேரியர் வருகிறதென்றால், அந்தக் கேரியரையும் வாசலில் திறந்து பார்ப்பார்களா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும். பணிவாகவே கேட்கிறேன், சோற்றை உள்ளே விடுங்கள். பூங்கா முழுக்க வேண்டாம் என்றால் சிறுவர் விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேப்பமர வரிசை இருக்கிறதல்லவா, அந்த நிழல் போதும். கை கழுவ ஒரு குழாய், எச்சில் இலை போட மூடியுள்ள தொட்டி ஒன்று. தொட்டி நிறைந்தால் அள்ள ஓர் ஆள் வேண்டும் என்பீர்கள். விசில் ஊத ஆள் இருக்கிறார்.

இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவைப்படாது. வருகிற ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் அலைமோதும், முக்கால்வாசிப் பேர் கட்டுச்சோற்றோடுதான் வருவார்கள். அதற்குள் உத்தரவை மாற்றிவிடுங்கள். முடியாது என்று முடிவு செய்தால், அதையாவது சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்கு மேலே எழுதிப் போடுங்கள், காசு கொடுப்பதற்கு முன்னாலேயே படித்துவிட்டுத் திரும்பிப் போகிறோம்.

இப்படிக்கு,
பெருந்துறைப் பக்கத்திலிருந்து,
அன்று சீட்டு வாங்கிவிட்டு உள்ளே வராமல் திரும்பிய குடும்பத்தின் மருமகள்