ஆறு ஸ்டூல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். தீபாவளிக்கு முன்னால் கடைப் பிள்ளைகள் ஆறு பேரையும் கூப்பிட்டு நன்றி சொல்லிப் பேசப் போகிறேன், மனசில் நிற்கிற மாதிரி நாலு வரி எழுதிக் கொடு அம்மா, நீதான் இத்தனை வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவள் என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாக நோட்டைத் திறந்து வைத்து உட்காருகிறேன், ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். 22 வருஷத்தில் முதலாளிகளும் மேனேஜர்களும் எங்களுக்கு எத்தனையோ நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் நேற்று நடந்தது போல இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1997இல். மதுரை விளக்குத்தூண் பக்கம் மூன்று மாடிக் கடை. பேரைச் சொல்ல வேண்டாம். ஆயுத பூஜை அன்று எங்களை எல்லாம் மாடியில் கூட்டி வைத்து முதலாளி பேசுவார். "நீங்க யாரும் வேலைக்காரங்க இல்லை, என் குடும்பம்" என்பார். முதல் வருஷம் அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொரிகடலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் 9 மணிக்குக் கடைக்குள் போனால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வெளியே. சாப்பிடுகிற அரை மணி நேரம் தவிர உட்காரக் கூடாது. உட்கார எதுவும் கிடையாது என்பதுதான் சரி. ரேக்கில் சாய்ந்தால்கூட ஃப்ளோர் மேனேஜர் பேரைக் குறித்துக்கொள்வார். கஸ்டமர் உள்ளே வரும்போது நாம் உட்கார்ந்திருந்தால் அது மரியாதைக் குறைவாம். ஆடி மாதத்துக்கு முன்னால், மத்தியான வெயிலில், ஒரு ஈ காக்கை வராத நேரத்திலும் நிற்கத்தான் வேண்டும். ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படி இறங்கணும். குடும்பத்தில் யாராவது யார் பையையாவது தினமும் சோதனை போடுவார்களா?

உன் தாத்தா காலத்தில் ஜவுளிக்கடை இப்படி இருந்ததில்லை. தரையில் மெத்தை போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். வாங்குகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், எடுத்துப் போடுகிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையைப் பிரித்துக் காட்டுவார். யாருக்கும் மரியாதை குறையவில்லை. கண்ணாடிக் கவுண்டர் வந்தது, இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நாற்காலி வந்தது, அந்தப் பக்கம் இருந்தவர்களை எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள்.

நீ வயிற்றில் இருந்தபோது அந்தக் கடையில்தான் வேலை பார்த்தேன். ஐந்தாம் மாசம். மத்தியானம் ஆனால் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும், பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகாது. எங்கள் செக்‌ஷனில் ஒரு அக்கா இருந்தார். அதிகம் பேச மாட்டார், யாரிடமும் சிரித்துப் பேசியே நான் பார்த்ததில்லை. ஒருநாள் மூன்று மணி இருக்கும். ரேக்கில் அழகாக அடுக்கி வைத்திருந்த சுங்குடிப் புடவைகளை ஒரு கை அள்ளிக் கவுண்டருக்குப் பின்னால் தரையில் போட்டார். பத்துப் பன்னிரண்டு புடவை. எனக்குப் பகீர் என்றது. மேனேஜர் பக்கம் திரும்பி, "மடிப்பெல்லாம் கலைஞ்சு கிடக்கு சார், இவளை மடிக்கச் சொல்றேன்" என்றார். தரையில் கிடக்கிற புடவையை உட்கார்ந்துதானே மடிக்க முடியும்? நான் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து, காலை நீட்டி, ஒவ்வொரு புடவையாக மெதுவாக மடித்தேன். அரை மணி நேரம். நான் மடித்து முடிக்கிற நேரம் பார்த்து இன்னும் நாலு புடவையைத் தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து நான் பிரசவத்துக்கு நிற்கிற வரைக்கும் தினமும் மூன்று மணிக்குப் புடவை விழும். உன் காலு வலிக்குதா என்று ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை, நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தப் புடவைகளை எல்லாம் ராத்திரி கணக்கு முடிந்த பிறகு மறுபடி ரேக்கில் அடுக்குவது அவர்தான். எனக்காக அவருக்குத் தினமும் கால் மணி நேரம் கூடுதல் வேலை. நீ பிறந்தபோது உனக்கு முதலில் தங்க மோதிரம் போட்டது யார் என்று கேட்பாயே, அவர்தான்.

கால் விஷயம் உனக்குத் தெரியும். நரம்பு சுருட்டிக்கொண்டு, கெண்டைக்காலில் பச்சைக் கயிறு மாதிரி எழும்பி நிற்கும். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது அந்த டாக்டரம்மா படம் போட்டே விளக்கினார். காலில் இருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைச் சதை இறுக்கி இறுக்கி அதை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் இருக்க அந்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. ரத்தம் தேங்கித் தேங்கி அந்தக் கதவுகள் பழுதாகிவிடும். "என்னம்மா வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். ஜவுளிக்கடை என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். இந்த வியாதிக்கு அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை போலிருக்கிறது.

அப்புறம் போனஸ். அந்தக் கடையில் போனஸ் கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மாசச் சம்பளம் ஒழுங்காக வரும். ஆனால் எப்போது வரும் தெரியுமா? தீபாவளிக்கு முந்தின ராத்திரி, கடைசி கஸ்டமர் போய், கணக்கு முடித்து, பதினோரு மணிக்கு மேல். முன்னாடியே கொடுத்தால் எவளாவது லீவு போட்டுவிடுவாளாம். கவரை வாங்கிக்கொண்டு நாங்கள் பதினைந்து இருபது பெண்கள் படி இறங்கி ஓடுவோம். ஊருக்கெல்லாம் ஒரு மாசமாகத் துணி எடுத்துக் கொடுத்தவர்கள், எங்கள் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க நடு ராத்திரியில் தெருவோரக் கடையில் நிற்போம். ரோட்டில் பெட்ரோமாக்ஸும் பல்பும் எரியும், கூட்டம் நெரியும். நல்லது எல்லாம் போயிருக்கும். ஒரு வருஷம் உனக்கு ஆரஞ்சு கலர் பாவாடை எடுத்து வந்தேன், இடுப்பு இரண்டு சுற்றுப் பெரிசு. விடிகாலையில் நீ எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு வந்து, ஊக்கு குத்திக் கட்டிக்கொண்டு, அம்மா நல்லா இருக்கு என்றாய். உனக்கு அப்போது ஆறு வயசு. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

2009இல் சின்னக் கடைக்கு மாறினேன். தெற்கு மாசி வீதியில் பத்துக்குப் பதினைந்து அடி இருந்தால் அதிகம். அந்த முதலாளிக்குப் பேச்சே வராது. வா என்று சொல்வதுகூடத் தலையை ஆட்டித்தான். முதல் நாள் நான் போய் நின்றேன். கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போனார், ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டருக்குப் பின்னால் போட்டுவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு உட்காருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஸ்டூல் பக்கத்தில் நின்றேன். பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே, "ஸ்டூல் ஆடுதா?" என்று கேட்டார். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

பத்து வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன் பாப்பா. கஸ்டமர் வந்தால் எழுந்திருப்பேன், போனால் உட்காருவேன். வியாபாரம் ஒரு நாளும் குறையவில்லை. காலையில் இருந்த முகம் சாயங்காலமும் இருந்தால் புடவை தானாக விற்கும். போனஸ் தீபாவளிக்கு இருபது நாள் முன்னால் வந்துவிடும். கூடவே ஒரு அரை நாள் லீவு, பிள்ளைகளுக்குத் துணி எடுக்க. ஒருநாள் கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு அம்மா, தன் பையைக் காணோம் என்று எங்களில் சின்னப் பெண் ஒருத்தியைப் பார்த்து இவள்தான் எடுத்திருப்பாள் என்று சொல்லிவிட்டார். முதலாளி எழுந்து வந்தார். பில் போட எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவை எல்லாவற்றையும் அவர் கையாலேயே திரும்ப ரேக்கில் வைத்தார். "நீங்க வேற கடை பாருங்கம்மா" என்றார், அவ்வளவுதான். பை அவர்கள் காரிலேயே இருந்ததாகப் பிறகு வந்து சொன்னார்கள். அந்தப் பெண் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அந்தக் கடையை விட்டு நகரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கேரளா விஷயத்தைப் பத்திரிகையில் படித்தேன். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்கிற பெண், கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்துப் பெண்கூட்டு என்று ஒரு அமைப்பு தொடங்கி, கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார். 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். நம் தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. 1947ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்து, ஒவ்வொரு கடையிலும் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும் என்று போட்டார்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேப்பரை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று உன் அப்பா ஆச்சரியப்பட்டார். நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, உன் கடைக்கு வருகிறேன். திறப்பு விழாவுக்குக் கோயம்புத்தூர் வந்தபோதே பார்த்தேன். லைட், கண்ணாடி எல்லாம் அழகு. கஸ்டமருக்கு சோபா போட்டிருக்கிறாய். கவுண்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நல்ல நாளில் குறை சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் பார்த்தேன். பாத்ரூம் சாவி உன் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகள் உன்னிடம் வந்து, பக்கத்தில் கஸ்டமர் நிற்க, சாவி கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்தச் சாவியைக் கதவிலேயே விட்டுவிடு.

நீ கெட்டவள் என்று நான் சொல்லவில்லை தாயி. உன் மனசு எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகள் மேல் நீ வைத்திருக்கிற பிரியமும் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்று நீ கவலைப்பட்டதை நான்தானே கேட்டேன். அந்தப் பிரியம் அவர்கள் காலுக்கும் வயிற்றுக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே கேள். அந்த நேரத்துக்கு அரை மணி முன்னால் அவளை அனுப்பிவிடு, யார் புடவை பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. போனஸை இந்த வாரமே கொடுத்துவிடு. அவர்களும் நல்ல நாளில், வெளிச்சத்தில், பொறுமையாகத் துணி எடுக்கட்டும்.

மீட்டிங் போட்டுப் பேச வேண்டும் என்று உனக்கு ஆசையாக இருந்தால் பேசு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் எழுதித் தர மட்டும் முடியவில்லை.

அதற்குப் பதிலாக இங்கே நம் தெரு ஆசாரியிடம் ஆறு ஸ்டூல் சொல்லியிருக்கிறேன். வேப்ப மரம். மேலே லேசாகக் குழித்து, விளிம்பை உருட்டி இழைத்துத் தரச் சொன்னேன், இல்லாவிட்டால் தொடையில் வெட்டும். கீழே பாதம் வைக்க ஒரு குறுக்குக் கட்டை, காலைத் தொங்கவிட்டு உட்காரக் கூடாது. என் சேமிப்பிலிருந்து பாதிப் பணம் கொடுத்துவிட்டேன், மீதியை நீ கொடு. லாரி பார்சலில் போட்டு விடுகிறேன்.

ஆசாரி உயரம் கேட்கிறார். கவுண்டர் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து, வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு. அந்தப் பிள்ளைகளில் குள்ளமானவள் ஒருத்தி இருந்தாளே, அவளுக்கு மட்டும் குறுக்குக் கட்டையை ஒரு பிடி மேலே வைக்கச் சொல்லட்டுமா என்றும் கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
அம்மா