மேற்குச் சுவரில் இனிப் படம் மாட்டாதீர்கள்

எங்கள் ஊர்க் கலைக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கார்த்திகைக் கண்காட்சி முடிந்ததும் மேற்குச் சுவரிலிருந்து இறக்கிய படங்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை நீங்களும் பார்த்தீர்கள். நீர்வண்ணப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தஞ்சாவூர்ப் படம் ஒன்றில் தங்க ரேக்கு கொப்புளித்து, பதித்த கற்கள் ஃபிரேமுக்குள்ளேயே உதிர்ந்து கிடந்தன. கேட்டதற்கு, மழைக்காலம், என்ன செய்வது என்றீர்கள். அதே மழையில் கிழக்குச் சுவரில் தொங்கிய படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் கேட்கிறோம்: அந்தச் சுவரைச் சரிசெய்யும்வரை அதில் ஒரு படமும் மாட்டாதீர்கள்.

மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் வருகிறது. இணைப்பில் கசிகிறது. ஒவ்வொரு கண்காட்சிக்கு முன்னும் ஈரச் சுவர்மேலேயே டிஸ்டெம்பர் அடிக்கிறீர்கள். ஈரம் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்துப் பூச்சு செதிலாக எழும். சந்தேகம் இருந்தால், ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. ஐந்து ரூபாய்ச் செலவு.

கம்பியில் தொங்கும் படம் மேலே சற்று முன்சாய்ந்து நிற்கும், கீழ் விளிம்பு சுவரில் பதியும். ஈரம் ஏறுவது அந்த விளிம்பில்தான். பின்னால் அடித்த ஹார்ட்போர்டு அதை உறிஞ்சி, காகிதத்துக்குக் கடத்துகிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நீர்வண்ணக் காகிதங்கள் பலவற்றில் ஏற்றியிருக்கும் ஜெலட்டின் பசை அதற்குத் தீனி. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி தரும் மவுண்ட் அட்டை இல்லாமல் கண்ணாடியை நேரே வைத்திருந்தால் படம் அதில் ஒட்டிவிடும். பிறகு பிய்த்தால் வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். தஞ்சாவூர்ப் படத்தின் கதை வேறு. ரேக்குக்கு அடியில் பூசும், சுக்கான்கல் பொடியும் கோந்தும் சேர்ந்த மக்கு, பின்பலகை வழியே ஈரம் குடித்து உப்புகிறது. மேலே ஒட்டிய ரேக்கு எழும்புகிறது.

பூஞ்சை கண்ட படங்களை உங்கள் ஊழியர் ஈரத்துணியால் துடைத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் ஈரத்துணி பூஞ்சையைக் காகிதத்துக்குள் தேய்த்து ஏற்றிவிடும். முதலில் காற்றோட்டமான நிழலில் முழுதாக உலரவிட வேண்டும். பிறகு வெளியிடத்தில், முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைத் தொடவே கூடாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் அரும்பொருட்களைப் பாதுகாப்பதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம்.

திறப்பு விழாவுக்குப் பணம் இல்லை என்று நீங்கள் சொல்லிக் கேட்டதில்லை. வாசலில் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ், வந்தவருக்கெல்லாம் பொன்னாடை. சிறப்பு விருந்தினர் இருக்கும் ஒரு மணி நேரம் ஏசி ஓடும். அவர் கார் கிளம்பியதும் அணையும், கதவுகள் திறக்கும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டு வியர்க்கிறது. விருந்தினருக்கு வியர்க்காமல் இருந்ததற்குப் படங்கள் வியர்க்கின்றன. ஏசி போட்டால் காட்சி முடியும்வரை இரவு பகலாக ஓடட்டும். இல்லையென்றால் மின்விசிறியே போதும், அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, சுவருக்கு வருவோம். குழாய் இணைப்பை மாற்றி, ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி நன்றாகக் காயவிட்டால் வேலை முடிந்தது. கோடையில் தொடங்கினால்தான் ஐப்பசிக்குள் காயும். அதுவரை மேற்குச் சுவரின் 24 அடிக்கு மாற்று வேண்டும் என்றால், எட்டடிக்கு நாலடி பிளைவுட் மூன்றை நெட்டாக வைத்துக் கீல் போட்டு இணைத்து மடிப்பு மடிப்பாகக் கூடத்தின் நடுவில் நிறுத்துங்கள். இருபுறமும் மாட்டினால் அதே 24 அடி கிடைத்துவிடும். மற்றச் சுவர்களிலும் ஒவ்வொரு ஃபிரேமின் கீழ் மூலைகளிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் காற்றுப் போக அது போதும்.

விண்ணப்பப் படிவத்தின் கடைசி வரியையும் எடுத்துவிட வேண்டுகிறோம். ‘படைப்புகளுக்கு நேரும் சேதத்துக்குக் கலைக்கூடம் பொறுப்பல்ல.’ எந்தப் படம் எந்தச் சுவருக்கு என்று தீர்மானிப்பது நீங்கள், ஓவியரைக் கேட்பதில்லை. பொறுப்பு மட்டும் அவருக்கு எப்படி?

குழாய் வேலைக்கு நாள் குறித்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அதற்கு முன் அடுத்த காட்சி வந்தால், மேற்குச் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும். தயவுசெய்து.

இப்படிக்கு,
இங்கே படம் வைக்கும் ஓவியர்களும் ஃபிரேம் போடுபவர்களும்