பிரசங்கத்தில் பெயர் சொல்லப்படாத பாவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறுதோறும் ஆலயத்தில் பிரசங்கம் கேட்டு வருகிறவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். குடி, சூது, ஆடம்பர உடை, இப்போது செல்போன் என்று பிரசங்கிமார் பெயர் சொல்லிக் கண்டிக்கும் பாவங்கள் பல உண்டு. ஆனால் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெண்ணைப் பெற்ற கிறிஸ்தவக் குடும்பங்களைக் கடனில் தள்ளும் வரதட்சணையை அவ்வாறு பெயர் சொல்லிக் கண்டித்த பிரசங்கங்களை, நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். 'உலக ஆசைகளை விட்டுவிடுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால், அது தமக்குச் சொல்லப்பட்டது என்று எவரும் எண்ணுவதில்லை.

இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானன் அப்படிப் பொதுவாகப் பிரசங்கிக்கவில்லை. 'நாங்கள் என்ன செய்யவேண்டும்' என்று ஜனங்கள் கேட்டபோது, இரண்டு அங்கிகளை உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம், கட்டளையிடப்பட்டதற்கு மேல் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமல் உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் உள்ள இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம், மாப்பிள்ளையின் தகப்பனார் ஒருவர் அவர் பிரசங்கித்த யோர்தான் ஆற்றங்கரையில் நின்று இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

என் மகளுக்கு வரன் பார்த்த காலத்தில், ஒரு குடும்பத்தார் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜெபம் செய்து, சங்கீதம் வாசித்து, அதன்பின் பவுன் கணக்கைப் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைத் தவறாமல் சபைக்குச் செலுத்துகிறவர்கள். தாங்கள் கேட்பது தவறு என்று அவர்களுக்கு எவரும், எந்த ஞாயிற்றுக்கிழமையிலும், முகத்துக்கு நேரே சொன்னதில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. அந்தச் சம்பந்தத்தை நாங்கள் வேண்டாமென்று விட்டோம்.

போதகர்களின் சங்கடத்தை நான் அறியாதவனல்லன். வரதட்சணை வாங்கியவர்களே சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் அமர்ந்திருக்கும்போது அதைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆயினும் 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகக் கைவிடப்பட வேண்டும் என்று எழுதியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகிப்போனார்கள். அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. இன்றைய மணமக்கள் தேவை விளம்பரங்களே அதற்குச் சாட்சி. ஆனாலும் எது குற்றம் என்பதில் சபைக்கு ஐயம் வைக்காமல் அவர் பேசினார்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாங்குவது மட்டுமன்றிக் கொடுப்பதும் குற்றமாகும். கேட்காமல் மனமுவந்து தரப்படும் திருமணப் பரிசுகளுக்கும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலையை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்கும் போதகர், அந்த ஞாயிறுகளில் ஒன்றிலேனும் இதைக் குறித்துப் பிரசங்கிக்கலாம். திருமணப் பதிவேட்டில் கையொப்பமிடும் முன் இரு வீட்டாரிடமும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். இதற்குத் திருச்சபையின் உயர் மன்றமான சினோடின் தீர்மானம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிறே தொடங்கும்படி எங்கள் பகுதிப் போதகர்களை உங்கள் நாளிதழின் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.